முன்பள்ளிக் கிளை உரிமம்: 35 இலட்சத்தில் கதவு திறக்குமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கிராம முன்பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். முன்பிள்ளைப் பருவக் கல்வியில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு முன்பள்ளி நிறுவனம், தன் பெயரில் இங்கே கிளை திறக்கும் உரிமத்தை எனக்குத் தருவதாகச் சொல்கிறது. நுழைவுக் கட்டணம் 18 இலட்சம் ரூபா, வரி நீங்கலாக. கற்பித்தல் பொருட்களை அவர்களிடமே 9 இலட்சத்துக்கு வாங்க வேண்டும். மாதந்தோறும் வருமானத்தில் 10 சதவீதம் அல்லது 40,000 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கு. மொத்த முதலீடு 35 இலட்சம் என்றும், 60 பிள்ளைகள் சேர்ந்தால் 18 மாதங்களில் முதல் திரும்பிவிடும் என்றும் அவர்களுடைய கையேட்டில் உள்ளது. என்னிடம் 20 இலட்சம் சேமிப்பு இருக்கிறது. ரொறன்ரோவில் உள்ள அண்ணா இன்னொரு 20 இலட்சம் தருகிறார். கரடிப்போக்குக்குக் கிட்ட உறவினர் ஒருவரின் வீடு மாதம் 35,000 ரூபா வாடகைக்கு வருகிறது. மாதக் கட்டணம் 6,000, அனுமதிக் கட்டணம் 15,000 என்று நினைத்திருக்கிறேன். இடத்தை ஒதுக்கிவைக்க 50,000 ரூபா கட்டிவிட்டேன். மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு பணம் தேவைப்படும்? இறங்கலாமா?
— வாசகி, கிளிநொச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கையேட்டையும் ஒப்பந்த வரைவையும் மேசனின் மதிப்பீட்டையும் இரண்டு தடவை வாசித்தேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 35 இலட்சத்தில் அந்த முன்பள்ளியின் கதவு திறக்காது. திறப்பதற்கு ஏறக்குறைய 58 இலட்சமும், திறந்த பின் முதல் இரண்டு ஆண்டுகளை ஓட்டுவதற்கு இன்னும் 12, 13 இலட்சமும் வேண்டும். 70 இலட்சத்தைத் தாண்டும் ஒரு காரியத்துக்குள் 40 இலட்சத்தோடு இறங்க நினைக்கிறீர்கள். இந்த வரைவில், இந்த மாதத்தில், கையெழுத்து வைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இந்தத் தொகைகளுக்கு நான் எப்படி வந்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். விலை எங்காவது உங்களுக்கு வேறாகத் தெரிந்தால் அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்து பாருங்கள்.

நுழைவுக் கட்டணத்தில் ‘வரி நீங்கலாக’ என்று சிறிய எழுத்தில் இருப்பதைக் கவனித்தீர்களா? பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக இருக்கிறது. 18 இலட்சத்துக்கு 324,000 ரூபா வரி சேர, நீங்கள் கட்டப்போவது 2,124,000 ரூபா. அந்த வரிக்குப் பதிவு பெற்ற வியாபாரி தான் கட்டியதைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறு முன்பள்ளி நடத்தும் உங்களுக்கு அந்த வழி இல்லை, போன பணம் போனதுதான். மாதந்தோறும் கட்டும் பங்குக்கும் இதே வரி உண்டு என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறது. 40,000 என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது உண்மையில் 47,200.

அடுத்தது பொருட்தொகுதி. சென்ற ஆண்டு வவுனியாவில் ஒருவர் இப்படியான ஒரு பெட்டியை என் மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் வரை பக்க அளவு கூடிக்கொண்டே போகும் பத்து மரக் கட்டைகள், எண் கோல்கள், பிளாஸ்ரிக் பழங்கள், சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து அட்டைகள், பட அட்டைகள். எழுத்துகள் அத்தனையும் ஆங்கிலம். ‘அ’ எங்கே என்று அவருடன் வந்த ஆசிரியை பெட்டியின் அடிவரை தேடினார். பட அட்டையில் பனிமனிதன் இருந்தான், பனை இல்லை. அந்தப் பத்துக் கட்டைகளை அளவு கொடுத்தால் கிளிநொச்சியிலுள்ள எந்தத் தச்சரும் வேப்பமரத்திலோ தேக்கிலோ செய்து தருவார். மொன்டிசோரி அம்மையார் 1907இல் ரோமில் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தபோது உருவான முறைகளும் ‘மொன்டிசோரி’ என்ற பெயரும் இன்று எந்த நிறுவனத்தின் தனிச் சொத்தும் அல்ல. அவற்றைப் பயன்படுத்த எவரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. 9 இலட்சத்தில் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு பெயருக்கு என்று பிரித்து, பொருள்வாரியாக விலைப்பட்டியல் கேளுங்கள். கொழும்பிலிருந்து ஏற்றுகூலியையும் சேர்த்து இதற்கு 9.6 இலட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பயிற்சிப் புத்தகங்கள் ஆண்டுதோறும் புதிதாக வாங்கப்பட வேண்டியவை என்பதால் அது தனிச் செலவு. அதைப் பெற்றோரிடம் வாங்கலாமா என்பதையும் ஒப்பந்தம் சொல்லவில்லை.

கட்டடத்துக்கு மேசன் 11 இலட்சம் போட்டிருக்கிறார். அவர் வீடு திருத்துகிற கணக்கில் போட்டிருக்கிறார், முன்பள்ளிக் கணக்கில் அல்ல. மூன்று வயதுப் பிள்ளை தானாகப் போய் வரக்கூடிய தாழ்வான மலசலகூடங்கள், அதே உயரத்தில் கைகழுவும் தொட்டிகள், கிணற்றுக்குப் பூட்டுப் போட்ட இரும்பு வலை மூடி, ட்ரிப் சுவிச்சோடு புதிய வயரிங், தகரக் கூரைக்குக் கீழே சீலிங், விளையாடும் இடத்துக்கு நிழல், பிள்ளை தள்ளித் திறக்க முடியாத கேற். இவற்றில் மூன்றைத்தான் அவருடைய தாளில் கண்டேன். நிறுவனம் சொல்லும் நிறங்களில் சுவர், அவர்கள் சொல்லும் அளவில் பெயர்ப்பலகை ஆகியவையும் இதற்குள்தான் வரும். சித்திரை, வைகாசியில் கிளிநொச்சியில் தகரக் கூரைக்குக் கீழே பதினொரு மணிக்கு இருபத்தைந்து பிள்ளைகளை இருத்திப் பாடம் நடத்துவது என்னவென்று ஒன்பது ஆண்டுகள் அதைச் செய்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 15 இலட்சத்துக்குக் குறைத்து இதைச் செய்ய முடியாது.

அந்த வளவுக்குள் 2018 டிசம்பர் வெள்ளத்தில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று அயலவரிடம் கேளுங்கள். முன்பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வன்னியில் மாரி அப்போதுதான் வடிகிறது. ஐப்பசிக்கு முன் கட்டட வேலை முடியாவிட்டால் திறப்பு விழா சேற்றில்தான் நடக்கும். கிணற்று நீரையும் சோதிக்கக் கொடுங்கள். நம் பகுதியின் பல கிணறுகளில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கடினநீர்தான் வருகிறது. பெற்றோர் சுத்திகரித்த நீரையே எதிர்பார்ப்பார்கள், அதுவும் மாதச் செலவு.

மீதித் தொகைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். சின்ன மேசை, கதிரை, அலுமாரி, பாய்களுக்கு 4 இலட்சம். ஓராண்டு முற்பண வாடகை 420,000. வியாபாரப் பெயர்ப் பதிவு, சட்டத்தரணி கட்டணம், பிரதேச சபையின் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஓர் இலட்சம். ஆசிரியைகளை இரண்டு வாரப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பும் செலவும் திறப்பதற்கு முந்திய சம்பளமும் இரண்டரை இலட்சம். விளம்பரமும் திறப்பு நாளும் ஓர் இலட்சம். இவற்றை நுழைவுக் கட்டணம், பொருட்தொகுதி, கட்டடம் ஆகியவற்றோடு கூட்டினால் 58 இலட்சத்து 54 ஆயிரம் வருகிறது. கையேட்டில் உள்ள 35 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். வரியும் வாடகை முற்பணமும் பயிற்சிச் செலவும் அதில் இல்லை. கட்டடத்துக்கு ‘சிறு திருத்தங்கள், 4 இலட்சம்’ என்று இருக்கிறது. கொழும்பில் ஏற்கெனவே ஒரு முன்பள்ளி நடந்த வீட்டை எடுப்பவருக்கு அது பொருந்தக்கூடும்.

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் 10, 12 இலட்சத்துக்கே முன்பள்ளி உரிமம் கிடைக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அது இந்திய ரூபாய். ஓர் இந்திய ரூபாய் நமக்கு ஏறக்குறைய மூன்றரை ரூபா. அந்த 10 இலட்சம் இங்கே 35 இலட்சம் ஆகிறது. அதிலும் பெரும்பாலும் கட்டடச் செலவு சேர்ந்திருக்காது.

இனி மாதச் செலவுக்கு வருவோம். உங்கள் திட்டம் தடுக்கி விழக்கூடிய இடம் இதுதான். கையேட்டில் ஆசிரியைக்கு மாதம் 22,000 ரூபா சம்பளம் போட்டிருக்கிறார்கள். நாட்டின் ஆகக்குறைந்த மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டுவிட்டது. 22,000 கொடுத்தால் நீங்கள் சட்டத்தை மீறியவர் ஆவீர்கள். இரண்டு ஆசிரியைகளுக்கு 40,000 வீதம், ஓர் உதவி ஆசிரியைக்கு 32,000, ஓர் உதவியாளருக்கு 30,000 என்று 142,000 ஆகிறது. அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும், 21,300. வாடகை 35,000. மின்சாரம், நீர், இணையம், துப்புரவு 18,000. கடதாசி, நிறப்பென்சில், பசை, சவர்க்காரம் 12,000. நிறுவனத்துக்கு வரியோடு 47,200. மொத்தம் 275,500 ரூபா. இதில் உங்களுக்கு ஒரு சதமும் சம்பளம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6,000 ரூபா கட்டணத்தில் இந்தச் செலவை மட்டும் ஈடுகட்டவே 46 பிள்ளைகள் வேண்டும். முதல் ஜனவரியில் 46 பிள்ளைகள் வரமாட்டார்கள். நீங்கள் நல்ல ஆசிரியை என்று பெயர் எடுத்தவர் என்பதால் ஆண்டுச் சராசரியாக 28 பிள்ளைகள் என்று தாராளமாகவே எடுக்கிறேன். டிசம்பர் விடுமுறைக்குப் பெற்றோர் கட்டணம் தருவது அரிது. ஆகவே பதினொரு மாதம். கட்டணம் 1,848,000, அனுமதிக் கட்டணம் 420,000, கூட்டினால் 2,268,000. செலவு 3,306,000. முதலாண்டில் துண்டு விழும் தொகை 1,038,000. இரண்டாம் ஆண்டில் 42 பிள்ளைகள், அவர்களில் 20 பேர் புதியவர்கள் என்று வைத்தாலும் இன்னும் 234,000 குறைகிறது. இரண்டு ஆண்டுகளில் 12 இலட்சத்து 72 ஆயிரம்.

அதே இரண்டு ஆண்டுகளில் நிறுவனத்துக்கு நீங்கள் கட்டும் மாதப் பங்கு மட்டும் 1,132,800 ரூபா. துண்டு விழும் தொகை முழுவதும் ஏறக்குறைய அதுதான். ‘வருமானத்தில் 10 சதவீதம்’ என்று பேசும்போது அது சிறிதாகத் தெரிகிறது. ஆனால் 10 சதவீதம் 40,000ஐத் தொடுவதற்கு 67 பிள்ளைகள் வேண்டும். அதுவரை நீங்கள் கட்டுவது ஆகக்குறைந்த தொகையைத்தான். 30 பிள்ளைகள் படிக்கும் மாதத்தில் உங்கள் கட்டண வருமானம் 180,000. அதில் 40,000 என்றால் 22 சதவீதம், வரியோடு 26 சதவீதம். கையேட்டின் முதல் பக்கத்தில் 10 என்று இருக்கும் எண் உங்கள் கணக்கேட்டில் 26 ஆகப் பதியும்.

சரி, கையேடு சொல்வதுபோல் 60 பிள்ளைகளும் வந்துவிட்டார்கள் என்றே வைப்போம். பாதிப் பேர் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்வார்கள். வருமானம் 44 இலட்சத்து 10 ஆயிரம். 60 பிள்ளைகளுக்கு இன்னுமோர் ஆசிரியை வேண்டும், கடதாசிச் செலவும் கூடும். செலவு 39 இலட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. மிஞ்சுவது நான்கரை இலட்சம், மாதம் 37,500. உங்களிடம் வேலை செய்யும் ஆசிரியைக்கு நீங்கள் 40,000 கொடுக்கிறீர்கள். இந்த வேகத்தில் 58 இலட்சம் திரும்புவதற்கு 13 ஆண்டுகள் வேண்டும். ஒப்பந்தமோ 5 ஆண்டுகளில் முடிகிறது, நீடிக்க விரும்பினால் நுழைவுக் கட்டணத்தில் பாதியை மறுபடியும் கட்ட வேண்டும்.

கட்டணத்தை உயர்த்தினால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். 6,000 ரூபாவையே யார் தருவார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நம் கிராமங்களில் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தேவாலயங்களும் நடத்தும் முன்பள்ளிகள் இருக்கின்றன; போருக்குப் பின் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திலிருந்து ஆசிரியைகளுக்குச் சம்பளம் வந்த முன்பள்ளிகளும் இருக்கின்றன. கட்டணமே இல்லாமலோ சில நூறு ரூபாவுக்கோ பிள்ளையை விடப் பழகிய ஊர் இது. 6,000 தரக்கூடியவர்கள் நகரத்து அரச உத்தியோகத்தர், வங்கி ஊழியர், கடைக்காரர், வெளிநாட்டுப் பணம் வரும் குடும்பத்தினர். அவர்களுக்கும் ஓட்டோக் கூலி தனி. வயலை நம்பியிருக்கும் பெற்றோர் காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் நிலுவையைக் கொண்டுவருவார்கள். அதாவது ஜனவரியிலும் பெப்ரவரியிலும் உங்கள் கையிருப்பு ஆகக் கூடுதலாகக் கரையும், நிறுவனத்துக்கோ ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதிக்குள் கட்டியாக வேண்டும். தாமதமானால் மாதம் 3 சதவீதம் தண்டப்பணம் என்று வரைவில் உள்ளது.

பிள்ளைகளின் தொகையே சுருங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நாட்டில் 2019இல் ஏறக்குறைய 319,000 பிறப்புகள் பதிவாயின. 2023இல் அது 248,000 அளவுக்கு இறங்கிவிட்டது. 2026இல் முன்பள்ளிக்கு வரும் மூன்று வயதுப் பிள்ளைகள் அந்த 2023இல் பிறந்தவர்கள். ஐந்து வயது நிறைந்ததும் பிள்ளை தரம் ஒன்றுக்குப் போய்விடுவதால் ஒரு குடும்பம் உங்களிடம் இருப்பது ஆகக்கூடியது இரண்டு ஆண்டுகள். இருக்கைகளை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரப்ப வேண்டிய தொழில் இது.

எனக்குப் பட்ட ஒரு விடயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரச அலுவலகம் மாலை நாலேகாலுக்கு முடிகிறது, முன்பள்ளி பதினொன்றரைக்கு முடிகிறது. இடையில் உள்ள நேரத்துக்குப் பிள்ளையை எங்கே விடுவது என்று தவிக்கும் தாய்மாரைக் கிளிநொச்சி நகரில் எனக்கே பலரைத் தெரியும். மதியச் சாப்பாட்டோடு பகல்நேரப் பராமரிப்பு நடத்தினால் அதற்குக் காசு தரும் ஆட்கள் இருக்கிறார்கள். நிறுவனத்தின் வரைவில் அதற்கு அனுமதி இல்லை. எழுத்தில் இசைவு பெற்றால் நடத்தலாம், அந்த வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

ஒப்பந்தத்தில் பணத்தைவிட என்னைக் கவலைப்படுத்தியவை இரண்டு பிரிவுகள். ஒன்று, இடையில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய ஆகக்குறைந்த மாதப் பங்கு முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்பது. இரண்டாம் ஆண்டு முடிவில் தாங்க முடியாமல் மூடினால் மீதி 36 மாதங்களுக்கு வரியோடு ஏறக்குறைய 17 இலட்சம் கேட்பார்கள்; நீங்கள் தனிப்பட்ட பிணையும் கொடுப்பதால் அது உங்கள் வீடு, நகை வரை வரும். மற்றது, ஒப்பந்தம் முடிந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு 15 கிலோமீற்றர் சுற்றளவில் முன்பள்ளி நடத்தவோ முன்பள்ளியில் வேலை செய்யவோ கூடாது என்பது. கொழும்பில் ஒரு வியாபாரி இதற்குக் கையெழுத்து வைத்தால் அவர் நாளை பேக்கரி திறப்பார். உங்களுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். 15 கிலோமீற்றர் என்றால் பரந்தன், உருத்திரபுரம், வட்டக்கச்சி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதேவேளை உங்களுக்கென்று அவர்கள் ஒதுக்கும் எல்லையோ வெறும் 3 கிலோமீற்றர். பரந்தனில் அவர்களே இன்னொரு கிளை கொடுத்தால் நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

இலங்கையில் கிளை உரிமங்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சாதாரண ஒப்பந்தச் சட்டம்தான் பொருந்தும், கையெழுத்து வைத்தது வைத்ததுதான். அமெரிக்காவில் இத்தகைய நிறுவனம் கையெழுத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே ஒரு வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். தொடக்கச் செலவு முழுவதையும் ஓர் அட்டவணையாகவும், நடக்கும் கிளைகளையும் அண்மையில் விலகியவர்களின் தொடர்பு விபரங்களையும் அதில் காட்ட வேண்டும். இங்கே அதை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். எல்லாக் கிளைகளின் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள், குறிப்பாக மூடப்பட்டவற்றை. கொழும்புக்கு வெளியே உள்ள மூன்று கிளைகளை நீங்களாகவே தெரிவுசெய்து தொலைபேசியில் பேசுங்கள். அவர்கள் பேசச் சொல்லும் கிளையோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டாம். எத்தனை பிள்ளைகள், எந்த மாதத்தில் 46ஐத் தாண்டினீர்கள் என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். அவர்களுடைய பெயரும் இலச்சினையும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வணிகக் குறியாகப் பதியப்பட்டுள்ளதா என்பதற்கும் சான்று கேளுங்கள். பதியாத பெயருக்கு 21 இலட்சம் கொடுத்தவரை எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் இன்னொருவர் அதே பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்தபோது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பதிவைப் பற்றி நிறுவனத்தின் முகவர் ‘நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களால் பார்க்க முடியாது. வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரையும், பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நீங்கள்தான் போய்ச் சந்திக்க வேண்டும். பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் வழி ஒன்றுதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வேலை தொடங்குமுன்பே அழைத்து மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தைக் காட்டிவிடுங்கள். கட்டிய பிறகு காட்டினால் இடித்துக் கட்ட நேரும்.

உரிமம் வாங்காமல் சொந்தப் பெயரில் தொடங்கினால் எவ்வளவு என்பதையும் போட்டுப் பார்த்தேன். பொருட்கள் உள்ளூர்த் தச்சரின் வேலையோடு 4 இலட்சம், கட்டடம் முதல் கட்டமாக இரண்டு வகுப்பறைக்கு 9 இலட்சம், தளபாடம் 3 இலட்சம், வாடகை முற்பணம் 420,000, பதிவும் சில்லறையும் ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் கூட. ஏறக்குறைய 21 இலட்சம். நீங்களே ஒரு வகுப்பை எடுத்து, ஓர் ஆசிரியை, ஓர் உதவி ஆசிரியை, ஓர் உதவியாளர் என்று வைத்து, சில்லறைச் செலவுகளையும் சற்றுச் சுருக்கினால் மாதச் செலவு 175,000க்குள் நிற்கும். கட்டணம் 4,500 என்றால் 39 பிள்ளைகளில் ஈடுகட்டிவிடலாம். இதுவும் இலேசானதல்ல, முதலாண்டில் இங்கேயும் துண்டு விழும், உங்கள் உழைப்புக்குக் கூலி வராது. ஆனால் துண்டு விழும் தொகையைத் தாங்க 19 இலட்சம் உங்கள் கையில் மிஞ்சியிருக்கும், மூடினாலும் 17 இலட்சம் கேட்டு எவரும் வரமாட்டார்கள். கரடிப்போக்கில் பிள்ளையைக் கொண்டுவரும் தாய் ‘எந்த நிறுவனம்’ என்று கேட்கமாட்டாள், ‘எந்த ரீச்சர்’ என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்விக்கான விடைக்கு 21 இலட்சம் கட்டிப் பெயர் வாங்க வேண்டியவர் நீங்கள் அல்ல.

அப்படியிருந்தும் அந்தப் பெயரோடுதான் தொடங்க வேண்டும் என்று உங்கள் மனம் நின்றால் நான்கு மாற்றங்களை எழுத்தில் கேளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆகக்குறைந்த தொகை நீக்கப்பட்டு வெறும் 10 சதவீதம் மட்டும். நுழைவுக் கட்டணம் மூன்று தவணைகளில். விலகும்போது ஆறு மாதப் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்துக்குப் பிந்திய தடை முற்றாக நீக்கப்பட வேண்டும். கடைசி ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அண்ணாவின் 20 இலட்சம் கடனா, அன்பளிப்பா, பங்கா என்பதை அவரோடு பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி மூலமே எடுங்கள். குறைகிற 30 இலட்சத்தை நுண்கடன் நிறுவனங்களில் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். வாரத் தவணைக்கு வாசலில் வந்து நிற்பவர்களால் வன்னியில் எத்தனை பெண்கள் நொந்துபோனார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஆண்டில் பதினொரு மாதம் கட்டணம் வரும் தொழிலுக்கு வாரத் தவணை பொருந்தவே பொருந்தாது.

ஒதுக்கீட்டுக்குக் கட்டிய 50,000 ரூபாவின் பற்றுச்சீட்டில் ‘மீளளிக்கப்படமாட்டாது’ என்று இல்லை. ஒப்பந்த வரைவு உங்கள் கைக்கு வந்தது பணம் கட்டிய பிறகுதான் என்பதைக் குறிப்பிட்டு, நிபந்தனைகளில் உடன்பாடு ஏற்படாவிட்டால் அதைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வராமலும் போகலாம், அதற்காக மாத முடிவுக்கு முன் ஓட வேண்டியதில்லை.

இறுதியாக அந்த வீடு. அது அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உரிமத்தைவிட இது அவசரமானது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை, உரிய அதிகாரியின் இசைவில்லாமல் அனுமதிப்பத்திரக்காரர் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. கொடுத்து எழுதிய பத்திரம் சட்டத்தின் முன் நிற்காது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேற்றப்பட்ட பகுதிகளில் பல காணிகள் இப்படித்தான் இருக்கின்றன, உறவுமுறையில் வாய்ப்பேச்சாகவே கைமாறியும் இருக்கின்றன. உறவினர் நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பின் உரித்தாளியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. 15 இலட்சத்தை அந்த நிலத்தில் சீமெந்தாகப் போடுவதற்கு முன், அவரையும் அழைத்துக்கொண்டு அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியோடு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அங்கே எழுத்தில் இசைவு கிடைக்கும்வரை வாடகை முற்பணத்தைக் கொடுக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் உறுதிக் காணியில் (உரிமையாளர் பெயரில் உறுதிப் பத்திரம் உள்ள காணியில்) இன்னொரு வீட்டைத் தேடத் தொடங்குங்கள்.